ஒரு தேக்கரண்டி காற்று: வீட்டிலேயே பிரேக்குக்கு ஏர் எடுக்கும் கருவிகளும் முறைகளும்

மோதி பாக் வழியாகப் போகும் ரிங் ரோட்டில் டி.டி.சி. பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்று கிளம்பும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பேட்டையில் குடியிருப்பவர்களில் அதைக் கேட்காதவர் இருக்க முடியாது. பக்கத்திலேயே இருக்கும் சப்தர்ஜங் ரயில் நிலையத்தில் வந்து நிற்கும் வண்டியும் அப்படித்தான் மூச்சு விடுகிறது. இரண்டிலும் பிரேக்கை இயக்குவது அழுத்தப்பட்ட காற்று. அங்கே காற்று வேலைக்காரன். ஆனால் அதே பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் நம் காரிலும், டிஸ்க் பிரேக் வைத்த மோட்டார் சைக்கிளிலும் நிலைமை தலைகீழ். இங்கே வேலை செய்வது ஒரு திரவம். காற்று இங்கே திருடன். கொஞ்சம் புகுந்துவிட்டாலும் நாம் காலால் அமுக்கும் அமுக்கை அது விழுங்கிவிடும்.

அந்தத் திருடனை வெளியேற்றும் வேலையைத்தான் நம்மூர் மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். தில்லி மிஸ்திரி 'ஹவா நிகால்னா' என்பார். புத்தகத்தில் 'ப்ளீடிங்' என்று போட்டிருக்கும். மூன்றும் ஒன்றே. இந்த வேலையை வீட்டு வாசலில் செய்துகொள்ள முடியுமா, அதற்கு எந்தக் கருவியை வாங்கலாம், எதற்குக் காசைக் கொட்ட வேண்டாம், எப்போது கை வைக்கவே கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். சொந்த வண்டியைத் தானே பராமரிக்கும் ஆசையுள்ள அன்பர்கள் நம்மிடையே நிறைய பேர் உண்டு. ஆனால் இது சீட் கவர் மாற்றுகிற சமாச்சாரம் இல்லை. குடும்பத்தோடு மலைப் பாதையில் இறங்கும்போது காலுக்கு அடியில் இருக்கிற ஒரே உத்தரவாதம். ஆகையால் ஏன், எப்படி என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

பாடியிலிருந்து வந்த இருவர்

தமிழருக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்த உறவு உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் என்னும் தலம் சென்னையை ஒட்டிய இன்றைய பாடி. அந்தப் பாடியில் 1962-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். குழுமத்தார் வெளிநாட்டுக் கூட்டோடு இரண்டு பிரேக் நிறுவனங்களைத் தொடங்கினார்கள். ஒன்று, இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு சேர்ந்த சுந்தரம் கிளேட்டன். லாரி, பஸ்களுக்கான காற்று பிரேக்குகள் செய்தது. இந்தப் பிரிவு பின்னாளில் கைமாறிப் பெயரும் மாறியது. மற்றது, லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்த பிரேக்ஸ் இந்தியா. கார், ஜீப்புகளுக்கான திரவ பிரேக்குகள் செய்தது. கடையில் பல ஆண்டுகளாகக் கிடைத்துவரும் 'டி.வி.எஸ். கேர்லிங்' பிரேக் திரவ டப்பா இந்த வழியில் வந்தது. காற்றை வேலை வாங்கும் பிரேக்கும் காற்றை விரட்டும் பிரேக்கும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் பிறந்து, இன்று தில்லி ரிங் ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

திரவ பிரேக்கின் மூலக் கருத்து அதற்கும் வெகு பழையது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். அதை மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட்; விமானக் கம்பெனிக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே சகோதரர்களில் ஒருவர். 1921-இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் திரவ பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது.

தேக்கரண்டிக் கணக்கு

ஒரு சிறிய காரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலால் 20 கிலோ விசை கொடுக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கி 80 கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகிறது. அதன் பிஸ்டன் 20 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 3.14 சதுர செ.மீ. ஆக, குழாய்க்குள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 25 கிலோ. சக்கரத்தில் இருக்கும் காலிப்பர் பிஸ்டன் 50 மி.மீ. விட்டமானால் அங்கே கிடைப்பது சுமார் 500 கிலோ! இருபது கிலோ அமுக்கு ஐந்நூறு கிலோவாகிறது. மாயமில்லை, விசையில் கிடைத்த லாபத்தை நகரும் தூரத்தில் இழக்கிறோம். பெடல் வெகுதூரம் இறங்க, பிரேக் பேடு ஒரு மயிரிழைதான் நகரும்.

இப்போது அந்தக் குழாய்க்குள் 1 மி.லி. காற்று புகுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். 25 கிலோ அழுத்தத்தில் அந்தக் காற்று ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போகும். அது காலி செய்த இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 3 மி.மீ. வீணாக நகர வேண்டும். காலடியில் அது 12 மி.மீ. ஒரு தேக்கரண்டிக் காற்று, அதாவது 5 மி.லி. புகுந்தால்? பெடல் 6 செ.மீ. சும்மாவே இறங்கிவிடும். அதற்கு மேல் தரைதான் பாக்கி. சமையலறையில் பெருங்காயம் போடுகிற அளவு காற்று, ஒரு காரின் பிரேக்கையே காணாமல் அடிக்கப் போதும். 'பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு' என்று சொல்கிறோமே, அந்தப் பஞ்சு இதுதான்.

தண்ணீர் என்ற இரண்டாவது திருடன்

காற்று வெளியிலிருந்து மட்டும்தான் வரும் என்பதில்லை. உள்ளேயே ஆவி பிறக்கவும் கூடும். நாம் ஊற்றும் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி. ரப்பர் ஹோஸ் வழியாகவும், டாங்கி மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும்.

டப்பாவில் போட்டிருக்கும் டாட் எண் இதைத்தான் குறிக்கிறது. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அது 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. புதிய டாட் 4-க்கும் நாலைந்து வருஷம் மாற்றாத டாட் 4-க்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

தில்லிவாசிகளுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். கோடை விடுமுறை வந்தால் நாம் போவது முசூரி, நைனிடால், சிம்லா. முசூரி சுமார் 2000 மீட்டர் உயரம். டேராடூன் 640 மீட்டர் அளவில். சாமான், குடும்பம் எல்லாம் சேர்ந்து ஒரு டன் எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடுவிக்கும் சக்தி முழுவதும் வெப்பமானால், மூன்று குடம் தண்ணீரை, அதாவது சுமார் 40 லிட்டரை, கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பகுதியை எஞ்சினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பெரும்பங்கு டிஸ்க்குக்கும் ட்ரம்முக்கும் போகிறது. பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தும்போதுதான் ஆபத்து அதிகம். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று நின்றுவிட, டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் இறங்கும். ஈரம் சேர்ந்த பழைய திரவம் அங்கே கொதிக்கும். திரும்பி வந்து பெடலை அமுக்கினால் தரை வரை போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும் என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

ஆக, ஏர் எடுப்பது என்பது காற்றை எடுப்பது மட்டும் இல்லை. பழைய திரவத்தைத் தள்ளிப் புதியதை நிரப்புவதும் அதில் சேர்ந்தது. பெரும்பாலான கார்களின் கையேடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது.

'ஆயில்' என்ற தவறான பெயர்

கடையில் 'பிரேக் ஆயில்' என்றுதான் கேட்கிறோம். பெயர்தான் ஆயில், அது எண்ணெய் இல்லை, கிளைகால் ஈதர் வகை ரசாயனம். இந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியவர்கள் உண்டு. பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே இனம். டாட் 5 மட்டும் சிலிக்கோன் இனம், பெயரில் 5.1-க்குப் பக்கத்து வீடு என்றாலும் உறவு கிடையாது. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாங்கி மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். காஷ்மீரி கேட் ஆனாலும் கரோல் பாக் ஆனாலும் முத்திரை உடையாத சின்ன டப்பாவாகக் கேளுங்கள். ஒரு சிறிய காருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் போதும். திறந்து வைத்து மீந்ததை அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைப்பது வீண் சிக்கனம். அலமாரியிலேயே அது ஈரம் குடித்திருக்கும்.

முதலில் நோய் எது?

எல்லா பிரேக் கோளாறுக்கும் ஏர் எடுப்பது மருந்தாகாது. பெடலே நோயைச் சொல்லும்.

பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறதா? காற்று இருக்கக்கூடும். ஏர் எடுக்கலாம்.

மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போகிறதா? எங்கேயோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது. ஏர் எடுத்துப் பயனில்லை.

கல் மாதிரி இறுகி, வண்டி நிற்க மறுக்கிறதா? பூஸ்டரின் வாக்குவம் போயிருக்கலாம். அதற்கும் ஏருக்கும் சம்பந்தமில்லை.

கீழே போய்த்தான் பிடிக்கிறது, ஆனால் பிடித்தபின் இறுக்கமாக இருக்கிறதா? பின் ட்ரம் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்தது.

டாங்கியில் அளவு திடீரெனக் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதற்கு முன் எங்கே போனது என்று தேட வேண்டும்.

எந்த முறைக்கும் வேண்டிய சாமான்கள்

நாலு சாமானில் கஞ்சத்தனம் கூடாது.

முதலாவது, ரிங் ஸ்பேனர். ப்ளீடர் நிப்பிள் பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.; சில வண்டிகளில் 11. வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் துருப்பிடித்த நிப்பிளின் முனை மழுங்கிவிடும். ஆறு பட்டை கொண்ட ரிங் இன்னும் நல்லது. நிப்பிள் உடைந்தால் காலிப்பருக்கே செலவு வைக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் திரவத்தைத் தெளித்து வைத்து, மறுநாள் லேசாகத் தட்டிவிட்டுத் திறக்கவும். அப்போதும் அசையவில்லையா, பலப்பரீட்சை வேண்டாம், கடைக்கு விடுங்கள்.

இரண்டாவது, நிப்பிளில் கச்சிதமாகப் பிடிக்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப், ஒன்றரை அடி நீளம். குமிழி தெரியாத ட்யூப் குருட்டுக் கண்ணாடி. அதன் மறுமுனை ஒரு பாட்டிலில், கொஞ்சம் புதுத் திரவத்துக்குள் முங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, ஜாக் ஸ்டாண்டும் முட்டுக்கட்டையும். பேச்சில் இடைஞ்சலுக்கு முட்டுக்கட்டை என்கிறோம். இங்கே நிஜமாகவே வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டி வரலாம் என்பதால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலை நீட்டக் கூடாது. சரிவான தெருவிலும் மண் தரையிலும் இந்த வேலை வேண்டாம்.

நான்காவது, கையுறை, கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர். இந்தத் திரவம் பெயின்ட்டைத் தின்னும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

நாளையும் பார்த்து வைக்க வேண்டும். மே, ஜூனில் தில்லியில் திடீரென்று ஆந்தி கிளம்பினால், திறந்த டாங்கிக்குள் ராஜஸ்தான் மண் விழும். ஜூலை, ஆகஸ்டில் காற்றே ஈரம். பிப்ரவரி, மார்ச் அல்லது அக்டோபர் மாதக் காலைப் பொழுது உத்தமம். மலைக்குக் கிளம்பும் சீசனுக்கு முன்னதாகவும் அமையும்.

ஐந்து முறைகள்

ஒன்று, இருவர் முறை. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், ஒருவர் சக்கரத்தருகே. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கீழே இருப்பவர் "அமுக்கு" என்பார். மேலே இருப்பவர் மெதுவாக அமுக்கிப் பிடித்து "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பது. பெடல் இறங்கும், திரவமும் குமிழியும் ட்யூபில் வரும். நிப்பிளை மூடியபின் "விடு" என்று சொன்னால்தான் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன் கால் எழுந்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். அரை மணி நேர வேலை வீண். அப்பாவும் பிள்ளையும் செய்தாலும், கணவனும் மனைவியும் செய்தாலும் இந்த மூன்று சொல்லைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். பழைய வண்டியானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் தரை வரை போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை வாஷர் போகாத துருப்பிடித்த பகுதியில் அது உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டு, ஒருவழி வால்வு முறை. ட்யூபின் நடுவே வெளியே விட்டு உள்ளே விடாத ஒரு சிறு வால்வு இருக்கும். தனி ஆளாக நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டு, போய்ப் பெடலை மெதுவாக ஐந்தாறு முறை மிதிக்கலாம். மலிவானது. நிப்பிளின் மரை வழியாகக் கொஞ்சம் காற்று திரும்பப் போக வாய்ப்புண்டு; திரவம் மாற்ற ஏற்றது, நிறையக் காற்று புகுந்த வண்டிக்கு அவ்வளவாக ஏற்றதில்லை.

மூன்று, தானாக வடியவிடுவது. நிப்பிளைத் திறந்து, டாங்கி மூடியைத் தளர்த்திவிட்டால் திரவம் தன் எடையிலேயே சொட்டும். கருவியே வேண்டாம், பொறுமை வேண்டும். ஒரு சக்கரத்துக்கு அரை மணி கூட ஆகலாம். அதற்குள் டாங்கி காலியாகாமல் கண் வைத்திருக்க வேண்டும்.

நான்கு, கை வாக்குவம் பம்ப். நிப்பிள் பக்கத்திலிருந்து உறிஞ்சி எடுப்பது. விலை ஓரிரு ஆயிரம் ஆகலாம். தனி ஆளுக்கு வசதி. ஆனால் ஒரு மாயை காட்டும்: நிப்பிள் மரையைச் சுற்றி வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சுவதால் ட்யூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். 'இன்னும் ஏர் இருக்கு, இன்னும் ஏர் இருக்கு' என்று டப்பா டப்பாவாக ஊற்றிக்கொண்டிருப்போம். மரையின் வெளிப்புறம் கொஞ்சம் கிரீஸ் தடவினால் குறையும். முடிவைக் குமிழியிடம் கேட்காமல் பெடலிடம் கேட்க வேண்டும்.

ஐந்து, அழுத்த முறை. டாங்கி வாய்க்கு இறுக்கமான மூடி போட்டு, மேலிருந்து காற்றழுத்தத்தால் திரவத்தைத் தள்ளுவது. 10 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். ஸ்டெப்னி டயரில் இணைக்கும் வகையும் உண்டு; டயரின் காற்றை 20-க்குக் கீழே இறக்காமல் மாட்டினால் பிளாஸ்டிக் டாங்கி பிளந்து எஞ்சின் மேலெல்லாம் திரவம் தெறிக்கும். சுத்தமான, வேகமான முறை. பெடலைத் தொடவே வேண்டாம் என்பதால் பழைய மாஸ்டர் சிலிண்டருக்கும் நல்லது. ஆனால் நம் வண்டியின் டாங்கி வாய்க்குப் பொருந்தும் மூடி கிடைக்கிறதா என்று பார்த்தபின் காசு கொடுங்கள்.

எது யாருக்கு?

வீட்டில் இன்னொருவர் பத்து நிமிஷம் உட்காரத் தயார் என்றால் இருவர் முறையே போதும்; ஸ்பேனர், ட்யூப், பாட்டில் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். தனி ஆள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரவம் மாற்றுவது மட்டும்தான் என்றால் ஒருவழி வால்வு. இரண்டு மூன்று வண்டி உள்ள வீடு, அல்லது குடியிருப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் அழுத்தக் கருவி. வாக்குவம் பம்ப் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதிகம் உதவும்.

எந்தக் கருவியானாலும் ஒரே ஒரு விதி மாறாது: டாங்கியில் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்து ஊற்ற வேண்டும். இதை மறந்தால் விலையுயர்ந்த கருவியும் காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

எந்தச் சக்கரம் முதலில்?

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் வருவது பழைய வழக்கம். இங்கே அமெரிக்கப் படங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். தூரமானது வலப் பின் சக்கரம். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே இடப் பின், வலப் பின், இட முன், வல முன் என்று வரும். ஆனால் இன்றைய பல கார்களில் குழாய்கள் மூலைக்கு மூலையாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வரிசை வேறாக இருக்கலாம். கையேடு சொல்வதே இறுதி.

நிப்பிள் எப்போதும் காலிப்பரின் மேற்பக்கம் இருக்க வேண்டும். காற்று மேலேதான் தங்கும். காலிப்பரைக் கழற்றி மாட்டும்போது இடம் வலம் மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். அப்புறம் நாள் பூரா எடுத்தாலும் ஏர் போகாது. சில வண்டிகளில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் குறைக்கும் வால்வு உண்டு. பின்பக்கம் தூக்கிச் சக்கரம் தொங்கினால் அது வழியை அடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டி

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. இவற்றில் சாதாரணமாகத் திரவம் மாற்றுவதை மேற்சொன்ன முறைகளில் செய்யலாம், டாங்கி காலியாகாதவரை. காலியாகி ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று போய்விட்டால் அதன் உள்வால்வுகளைக் கம்ப்யூட்டர் கருவி மூலம் திறந்து மூடித்தான் எடுக்க முடியும். அது வாசல் வேலை இல்லை. அதுபோல ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பிரேக்கையே மின்னணு இயக்கும் வகைகளைத் தொடாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சின்ன வழி

முன் டிஸ்க்கில் டாங்கி ஹேண்டில்பாரில், அதாவது மேலே இருக்கிறது. காற்று தானாக மேலே வர ஆசைப்படும். அதற்கு நாம் உதவினால் போதும். மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்சு ஊசியில்லாமல் வாங்கி, புதுத் திரவத்தை நிரப்பி, காற்றை நீக்கி, கீழே நிப்பிள் வழியாக மெல்ல மேலே தள்ளலாம். டாங்கி நிரம்பி வழியாமல் முன்பே கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். சிரிஞ்சின் ரப்பர் இந்தத் திரவத்தில் ஊறிப் பெருத்துவிடும். ஒரு தடவையோடு தூக்கிப் போடவும். பிரேக் லீவரை அமுக்கி ரப்பர் பேண்டு போட்டு ராத்திரி விட்டால், மீதியிருக்கும் பொடிக் குமிழிகள் காலைக்குள் மேலேறிவிடும்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்?

எல்லா நிப்பிளையும் அளவாக இறுக்கி, ரப்பர் தொப்பி போட்டு, டாங்கியை மேல்கோடு வரை நிரப்புங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் பெடலைப் பலமாக மிதித்து அரை நிமிஷம் பிடியுங்கள், இறங்கக் கூடாது. பிடித்தபடியே எஞ்சினைப் போட்டால் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று காகிதம் வைத்துப் பாருங்கள். பிறகு குடியிருப்புத் தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். பெடலில் பஞ்சுத்தனம் சிறிதாவது பாக்கியிருந்தால் ரிங் ரோட்டுக்கு வண்டியை எடுக்க வேண்டாம். மறுபடி ஒரு சுற்று எடுத்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதுதான் முறை. அந்த பிரேக்கோடு வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போவது முறையல்ல.

எடுத்த பழைய திரவம் விஷம். பாதி நிரம்பிய குளிர்பான பாட்டில் மாதிரியே இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் மேல் பெரிதாக எழுதி ஒட்டி, சாக்கடையிலோ வேப்பமரத்தடியிலோ கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, டாங்கி மூடிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டாட் எண் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த கோடையில் முசூரிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் பானெட்டைத் திறந்து அந்தச் சீட்டைப் பாருங்கள். தேதி இரண்டு வருஷத்தைத் தாண்டியிருந்தால், டிக்கியில் சாமான் ஏற்றும் முன் ஸ்பேனரையும் ட்யூபையும் வெளியே எடுங்கள்.